நிரலாக்கம் கற்கத் தொடங்குவோருக்கு: ஒரு பால் கணக்கிலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வழி

நிரலாக்கம் கற்க விரும்புபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மொழியில் தொடங்கலாம் என்பதைத்தான். ஜாவாவில் வேலை பார்ப்பவர் ஜாவா என்பார், இணையதளம் அமைப்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்பார், கல்லூரிப் பேராசிரியர் சி மொழியில்லாமல் அடித்தளமே அமையாது என்பார். கேட்டவரோ மூன்று மொழிகளின் முதல் சில காணொளிகளைப் பார்த்துவிட்டு, எதிலும் பத்து வரி எழுதாமல், நான்காவது மொழியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்க ஓரளவு நிரல் எழுதிய அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் வருவதற்கு முன்பே ஒப்பிடச் சொல்வதால்தான் இந்தக் குழப்பம்.

ஆகவே இந்த வழிகாட்டி வேறு வரிசையில் செல்கிறது. முதலில் ஒரு சிறிய, உண்மையான வேலை. அந்த வேலைக்குப் போதுமான ஒரு மொழி. பிறகு, எழுதிக்கொண்டு போகும்போது தட்டுப்படும் ஒவ்வொரு தொல்லைக்கும் ஒரு கருவி. ஒரு கருவி எந்தத் தொல்லையைத் தீர்க்கிறதோ அந்தத் தொல்லையை நீங்கள் பட்டு உணரும் வரை அதை நிறுவ வேண்டியதில்லை என்பதை மட்டும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: வேலையைத் தாளில் எழுதுங்கள்

எடுத்துக்காட்டாகப் பால்காரர் ஒருவரின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சில வீடுகள்; காலையிலும் மாலையிலும் வெவ்வேறு அளவு; சில நாள் ஒரு வீட்டார் ஊருக்குப் போயிருப்பார்கள்; மாதக் கடைசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு நெருக்கமான வேறொன்று இருந்தால், அது சீட்டுக் கணக்காகவோ மளிகைக் கடையின் கடன் நோட்டாகவோ நூலகப் பதிவாகவோ இருக்கலாம், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் இப்போது நோட்டில் எழுதிச் செய்துகொண்டிருக்கும் வேலையாக இருந்தால் நல்லது, ஏனெனில் உங்கள் நிரல் தரும் விடை சரியா என்று சரிபார்க்க அந்த நோட்டு இருக்கும்.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு வீட்டின் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். காலை 1 லிட்டர், மாலை அரை லிட்டர், 31 நாள், லிட்டர் 52 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 46.5 லிட்டர், 2418 ரூபாய். இந்த 2418 என்ற எண்ணைத் தாளின் மேலே பெரிதாக எழுதி வையுங்கள், பின்னால் பல முறை தேவைப்படும். நிறுவனங்களில் நிரலுக்குச் சோதனை எழுதுவது என்று சொல்லப்படும் வேலையின் தொடக்கம் இதுதான்: விடை என்ன வரவேண்டும் என்று நிரல் ஓடுவதற்கு முன்பே தெரிந்து வைத்திருப்பது.

இரண்டாம் படி: இருக்கும் கணினியே போதும்

இந்த வேலைக்குப் புதிய லேப்டாப் வாங்கத் தேவையில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியிலும் இங்கே சொல்லும் அனைத்தும் ஓடும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆண்ட்ராய்டு செயலி உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற கனமான மென்பொருளுக்கு 16 ஜிபி இருந்தால் நிம்மதி, ஆனால் அது பின்னால் வரும் விவகாரம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 ஏற்காத கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை, நிரலாக்கத்துக்குக் குறையும் இல்லை. கைபேசி மட்டுமே இருக்கிறதென்றால் பைட்ராய்டு 3 போன்ற செயலியில் தொடங்கலாம். விரல் வலிக்கும், ஆனால் கற்றுக்கொள்ள முடியும்.

மூன்றாம் படி: மொழி

இந்த வேலைக்கு என் பரிந்துரை பைத்தான். கீடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட இம்மொழியில், பால் கணக்கு போன்ற ஒரு வேலைக்குக் கணக்கு சம்பந்தமில்லாத சடங்கு வரிகள் மிகக் குறைவு. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலும் பைத்தானைத்தான் கற்பிக்கிறது. அந்தப் பாடநூல் தமிழ் வழியிலும் கிடைப்பதால், ஆங்கில விளக்கத்தில் தடுமாறுபவர்கள் அதையே முதல் துணையாக வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் பழைய பாடங்களும் நிறையக் கிடக்கின்றன. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒரு பாடத்தில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அது பழைய பாடம், விட்டுவிடுங்கள்.

பைத்தானே எல்லாருக்கும் விடை என்று சொல்லவில்லை. உங்கள் வேலை உலாவியில் திரையில் அசையும் ஒன்று என்றால் ஜாவாஸ்கிரிப்ட் எடுங்கள்; 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார், அந்த அவசரத்தின் கோணல்கள் இன்றும் மொழிக்குள் இருக்கின்றன, ஆனாலும் எல்லா உலாவிகளுக்குள்ளும் ஓடும் மொழி அதுதான். ஆண்ட்ராய்டு செயலிதான் இலக்கு என்றால், கூகுள் 2019 முதல் முன்னிறுத்தும் காட்லின். மின்சுற்றும் சிறு சில்லுகளும்தான் விருப்பம் என்றால் சி.

சி மொழி பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றின் ஆய்வகங்களில் டர்போ சி இன்னும் நீலத் திரையோடு காத்திருக்கிறது. டாஸ் காலத்துக் கருவி அது; அதில் ஒரு முழு எண்ணுக்கு 16 பிட்தான் இடம். 32767 என்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் அதில் விடை எதிர்மறை 32768 என்று வரும். அதே நிரலை இன்றைய கணினியில் ஜிசிசி என்ற தொகுப்பி (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) கொண்டு தொகுத்தால் 32768 என்றே வரும். கோனியோ என்ற தலைப்புக் கோப்பும் திரையைத் துடைக்கும் கட்டளையும் மொழியின் பகுதியல்ல, அந்தப் பழைய கருவியின் பகுதி. தேர்வுக்காக அதில் எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள், வீட்டில் பழகுவதற்கு ஜிசிசியைப் பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: எழுதும் இடம்

அநேகமாக எல்லாக் காணொளிகளும் விஎஸ் கோடை நிறுவச் சொல்லும். மைக்ரோசாப்ட் 2015இல் அறிமுகப்படுத்திய நல்ல கருவிதான், பின்னால் நீங்களும் அதற்குத்தான் போவீர்கள். ஆனால் முதல் நாளில் அது நீட்சிகளை நிறுவு, இன்டர்பிரெட்டரை (நிரலை ஓட்டும் பைத்தானை) தேர்ந்தெடு, இதை நம்புகிறாயா என்று கேள்விகளை அடுக்கும். அவை எதுவும் பால் கணக்கைப் பற்றியவை அல்ல.

அதற்குப் பதிலாகத் தானி என்ற சிறு எடிட்டரில் தொடங்குங்கள். எஸ்தோனியாவின் தார்து பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே உருவானது. பைத்தானையும் சேர்த்தே நிறுவிக்கொள்கிறது. அதில் மாறிகளின் (மதிப்புகளைப் பெயரிட்டு வைக்கும் இடங்களின்) பட்டியலைத் திறந்து வைத்து, நிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி ஓட்டினால், எந்த வரியில் எந்த மாறியின் மதிப்பு மாறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். தொடக்கக் கட்டத்தில் இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை.

பைத்தானைத் தனியாக நிறுவுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸில் வழக்கமான நிறுவியின் முதல் திரையில், அடிப்பகுதியில், பைத்தானைப் பாத்தில் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் போனால், பிறகு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) பைத்தான் என்று அடிக்கும்போது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்பது போன்ற பதில்தான் வரும். பைத்தான் கணினியில்தான் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று டெர்மினலுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: முதல் முப்பது வரிகள்

இப்போது ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரே ஒரு நாளுக்கு எழுதுங்கள். காலை அளவைக் கேள், மாலை அளவைக் கேள், கூட்டு, விலையால் பெருக்கு. எழுதி ஓட்டி, காலை 1, மாலை 2 என்று கொடுத்தால், பெரும்பாலும் மொத்தம் 12 லிட்டர் என்று வரும். விசைப்பலகையிலிருந்து வரும் எதையும் பைத்தான் எழுத்துச் சரமாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு சரங்களைக் கூட்டச் சொன்னால் ஒட்டிவைக்கிறது. 1உம் 2உம் ஒட்டினால் 12. எண்ணாக மாற்று என்று நீங்கள் சொல்ல வேண்டும். தரவு வகைகள் என்ற அத்தியாயத்தைப் படித்து மனப்பாடம் செய்தவருக்கு மறந்துபோகும் இந்தச் செய்தி, ஒருமுறை 12 லிட்டரைப் பார்த்தவருக்கு மறக்காது.

அடுத்து மாதம் முழுவதற்கும் ஓட்ட, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சுழற்சி எழுதுவீர்கள். 1 முதல் 31 வரை என்று நினைத்து, எண்களை வரிசையாகத் தரும் ரேஞ்சுக்கு 1, 31 என்று கொடுத்தால், பில் 2418க்குப் பதில் 2340 என்று வரும். வித்தியாசம் 78 ரூபாய், அதாவது ஒரு நாள் பால். ரேஞ்ச் என்பது இரண்டாவது எண்ணுக்கு முன்பே நின்றுவிடும், 32 என்று கொடுக்க வேண்டும். தாளின் மேலே எழுதிய எண் இல்லாவிட்டால் இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்காது, ஏனெனில் நிரல் எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி முடிந்திருக்கும். பிழைச்செய்தி காட்டி நிற்கும் நிரலை விட, தவறான விடையைத் தெளிவாகச் சொல்லும் நிரல்தான் ஆபத்தானது.

மூன்றாவதாகப் பின்னங்கள். அரை லிட்டரும் கால் லிட்டரும் கணினியின் இரும எண்முறையில் துல்லியமாக அமைந்துவிடும், ஆனால் 0.1 அமையாது. பைத்தானிடம் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். மற்ற பெரும்பாலான மொழிகளிலும் இதே கதைதான். எனவே பாலை மில்லிலிட்டராகவும் பணத்தைப் பைசாவாகவும் முழு எண்களில் வைத்துக் கணக்கிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றுங்கள். கால் லிட்டர் என்பது 250, விலை 5200 பைசா, பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 1300 பைசா, அதாவது 13 ரூபாய்.

பிழைச்செய்தி வரும்போது பதறி மூடிவிடாதீர்கள். பைத்தானின் பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்: கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும், அதற்கு மேலுள்ள வரிகள் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் என்று சொல்லும். அடைப்புக்குறியை மூட மறந்திருந்தால் சில சமயம் அடுத்த வரியைக் காட்டும், அப்போது ஒரு வரி மேலே பாருங்கள். வரிகளின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பைத்தானில் பொருள் உண்டு. நான்கு இடைவெளி என்று முடிவு செய்து, டேபையும் இடைவெளியையும் கலக்காமல் எழுதுங்கள்.

ஆறாம் படி: கோப்பில் சேமித்தலும் தமிழ் எழுத்துகளும்

நிரலை மூடியதும் கணக்கு போய்விடுகிறது என்ற தொல்லை வந்ததும் கோப்பில் எழுதத் தொடங்குவீர்கள். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பு போதும். இங்கேதான், வாடிக்கையாளர் பெயர்களைத் தமிழில் எழுதும் நமக்கு, ஆங்கிலப் பாடங்கள் சொல்லித்தராத சில சிக்கல்கள் வருகின்றன.

முதல் சிக்கல், விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது குறிமுறையை (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறையை) சொல்லாவிட்டால் பைத்தான் பல பதிப்புகளில் கணினியின் பழைய இயல்புக் குறிமுறையை எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டும் அல்லது குப்பையாக எழுதும். எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 என்று ஒவ்வொரு முறையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அப்படி எழுதிய கோப்பையும் எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெயர்கள் சிதைந்து தெரியலாம். கோப்பில் தவறில்லை, அது யூடிஎஃப்-8 என்று எக்ஸெல் ஊகிக்கவில்லை. கோப்பின் தலையில் ஒரு அடையாளத்தைச் சேர்த்து எழுதும் யூடிஎஃப்-8-சிக் என்ற குறிமுறையைப் பயன்படுத்தினால் சரியாகத் திறக்கும்.

அடுத்தது நீளம். செல்வி என்ற பெயரில் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும். ச, எகரக் குறி, ல, புள்ளி, வ, இகரக் குறி என்று, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அவை தனித்தனிக் குறியீடுகள். பில்லில் பெயர்களை நேராக அடுக்க முயலும்போது வரிசை கோணலாவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல நிரலகத்தில் (பிறர் எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பில்) தமிழ்ச் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) உண்டு. அதைப் பயன்படுத்துவதற்கு முன் நீங்களே ஒன்றை எழுதிப் பாருங்கள், சரங்களைக் கையாள அதைவிட நல்ல பயிற்சி அமையாது.

மூன்றாவது அகரவரிசை. பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் பைத்தான் யூனிகோடு எண்ணின்படி அடுக்கும். யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதுதான் கடைசி மெய். ஆகவே அகராதிப்படி கமலாவுக்குப் பின் வரவேண்டிய கனகா, நிரலின் பட்டியலில் முன்னால் வந்து நிற்பார். ற, ள, ழ ஆகியவற்றிலும் இதே போன்ற மாற்றங்கள் உண்டு. பட்டியலைப் பார்த்ததும் பால்காரர் இது தப்பு என்பார். அவர் சொல்வதே சரி, வரிசைப்படுத்தும் விதியை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஏழாம் படி: கிட்

ஒரு கட்டத்தில் உங்கள் கோப்புறையில் கணக்கு, கணக்கு புதிது, கணக்கு புதிது 2, கணக்கு கடைசி என்று கோப்புகள் சேர்ந்திருக்கும், நேற்று சரியாக ஓடியது எது என்று தெரியாது. கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியைக் கற்க வேண்டிய நாள் அதுதான். லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய இக்கருவியில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருக்கின்றன. உங்களுக்கு இப்போது வேண்டியவை இனிட் (தொடங்கு), ஆட் (சேர்), கமிட் (பதிந்து வை), லாக் (வரலாறு), டிஃப் (வேறுபாடு) ஆகிய ஐந்து மட்டும். ஒவ்வொரு சிறு மாற்றமும் சரியாக ஓடியதும் ஒரு கமிட் செய்து, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 31ஆம் தேதி விடுபட்டதைச் சரிசெய்தேன் என்பது நல்ல குறிப்பு. மாற்றங்கள் என்று மட்டும் எழுதுவது வீண்.

கிட்ஹப் வேறு, கிட் வேறு. கிட் உங்கள் கணினியில் ஓடுவது. கிட்ஹப் அந்த வரலாற்றை இணையத்தில் வைக்கும் இடம். அங்கே ஏற்றுவதற்கு முன், வாடிக்கையாளர் பெயரும் கைபேசி எண்ணும் உள்ள சிஎஸ்வி கோப்பை, கிட் கண்டுகொள்ளாமல் விட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை கமிட் ஆன கோப்பைப் பின்னால் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும்.

எட்டாம் படி: தரவுத்தளம்

மாத நடுவில் பால் விலை ஏறும்போது சிஎஸ்வி திணறத் தொடங்கும். விலையை நிரலுக்குள் 52 என்று எழுதி வைத்திருந்தால், 54 என்று மாற்றியதும் 1ஆம் தேதியின் பாலுக்கும் புதிய விலை விழும். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்துக்கு மாற இதுவே தருணம். அது பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, தனி சர்வர் தேவையில்லை, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வீடுகளுக்கு ஓர் அட்டவணை, அன்றாடம் ஊற்றிய அளவுக்கு ஓர் அட்டவணை, விலைக்கு ஓர் அட்டவணை என்று மூன்று போதும். விலை அட்டவணையில் ஒற்றை எண்ணாக வைக்காமல், எந்தத் தேதி முதல் எந்த விலை என்று வரிகளாக வையுங்கள். ஒரு நாளின் பில்லுக்கு, அந்தத் தேதிக்கு முந்திய அல்லது அதே தேதியிலான கடைசி விலையை எடுத்தால் முடிந்தது. வங்கி வட்டியும் மின்கட்டணமும் கணக்கிடும் பெரிய மென்பொருள்களுக்கும் இதே தேவை உண்டு. தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில் பயனர் தட்டச்சு செய்ததை நேரடியாக ஒட்டாமல், கேள்விக்குறி இட்டு மதிப்பைத் தனியாக அனுப்பும் முறையை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். பிறர் தட்டச்சும் எழுத்து கட்டளையாக மாறித் தரவை அழிக்கும் தாக்குதலுக்கு அதுவே தடுப்பு.

ஒன்பதாம் படி: பிறர் கையில் கொடுத்தல்

இந்த இடத்தில் பலரும் கைபேசிச் செயலி செய்யப் போகிறேன் என்று ஆறு மாதம் காணாமல் போகிறார்கள். பால்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப நாலு வரி வந்தால் போதும் என்றே அவர் சொல்லக்கூடும். அந்த நாலு வரியை உருவாக்கும் செயற்கூறு ஒரு மாலை வேலை. அவரே அளவுகளைப் பதிய விரும்பினால் மட்டும் இணையப் பக்கத்துக்குப் போங்கள்: பக்கத்தின் அமைப்புக்கு ஓரளவு எச்டிஎம்எல், தோற்றத்துக்குச் சிறிது சிஎஸ்எஸ், பின்புறம் பிளாஸ்க் என்ற பைத்தான் நிரலகம். ரியாக்ட், டாக்கர், மேகக்கணி என்று காதில் விழும் பெயர்கள் எல்லாம் பயனுள்ளவைதான், ஆனால் சில வீட்டுப் பால் கணக்கில் அவை தீர்க்கும் தொல்லை எதுவும் இல்லை.

உதவி கேட்பதும் செயற்கை நுண்ணறிவும்

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, பால் கணக்கு நிரல் எழுதித்தா என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் முழு நிரலும் கிடைத்துவிடும். அதை ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அதில் 12 லிட்டரும் 2340 ரூபாயும் உங்கள் கையால் நிகழ்ந்திருக்காது. நாளை வேறிடத்தில் அதே பிழை வரும்போது இனம்காணவும் தெரியாது. ஆகவே முதல் சில மாதங்கள் எடிட்டரில் தானாக நிரப்பும் வசதியை அணைத்து வையுங்கள். பிழைச்செய்தியை ஒட்டி இதன் பொருள் என்ன என்று கேட்கலாம். நீங்கள் எழுதிய நிரலைக் காட்டி எங்கே உடையும் என்று கேட்கலாம். அது தரும் நிரல் துண்டைப் பயன்படுத்த விரும்பினால், படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து நீங்களே எழுதுங்கள். சில நேரம் இல்லாத செயற்கூற்றை இருப்பதாக உறுதியோடு சொல்லும் என்பதால், பெயர் புதிதாக இருந்தால் பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஒருமுறை தேடுங்கள்.

மனிதர்களிடம் கேட்கும்போது என்ன செய்ய முயன்றீர்கள், என்ன வருமென்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதி, பிழைச்செய்தியைப் படம்பிடிக்காமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். கேள்வியை இப்படி எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் விடை தானே தெரிந்துவிடும். தமிழில் படிக்கக் கணியம் தளத்தில் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு வந்தால் ஐஐடிகளின் என்பிடிஇஎல் பாடங்களும் ஹார்வர்டின் சிஎஸ்50 பாடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, பால் கணக்கோடு சேர்த்து நடத்துங்கள்.

அடுத்த மொழியை எப்போது தேர்வது

உங்கள் நிரல் ஒரு முழு மாதம் நோட்டுக்கு இணையாக ஓடி, இரண்டின் பில்களும் பைசா பிசகாமல் ஒத்துப்போன பிறகு. அதற்குள் எந்தப் பகுதியில் நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இணையப் பக்கத்தின் தோற்றம் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டை முறையாகப் படியுங்கள். அட்டவணைகளை வடிவமைத்தது என்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற பெரிய தரவுத்தளமும் அதன் பின்னணியில் ஓடும் சர்வர் நிரலாக்கமும். மாத விற்பனையின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தது என்றால் பைத்தானிலேயே இருந்து பாண்டாஸ் நிரலகம், கூடவே புள்ளியியல். செல்வி ஏன் ஆறு எழுத்தானார் என்பதைத் தேடிப் போனதுதான் என்றால், கணினிக்கு அடியில் பைட்டுகள் எப்படி அடுக்கப்படுகின்றன என்று காட்டும் சி மொழிக்கு நீங்கள் இப்போது தயார்.